நிலவறை பீர்: இங்கிலாந்தில் எங்கே, எதை, எப்படி

இங்கிலாந்தில் ஒரு பப்பின் கவுன்டர் முன்னால் போய் நின்றால் இரண்டு வகைக் குழாய்கள் கண்ணில் படும். ஒன்று, விளக்கு எரியும் பளபளப்பான சின்னக் குழாய். அதைச் சற்றே சாய்த்தால் போதும், நுரை பொங்க லாகர் கொட்டும். இன்னொன்று, நெட்டையாக நிற்கும் மரக் கைப்பிடி. பரிமாறுபவர் அதைப் பிடித்துத் தன் பக்கம் முழுசாக இழுக்க வேண்டும். இரண்டு மூன்று இழுவையில்தான் கிளாஸ் நிறையும். முதலாவதைக் குடிக்க வழிகாட்டி நூல் எதற்கு? அந்த பிராண்டுகளில் பாதி நம் ஊரிலேயே கிடைக்கிறது. இந்த அத்தியாயம் இரண்டாவது வகைக்கு.

அந்தக் கைப்பிடிக்குக் கீழே, தரைக்கடியில் இருக்கும் நிலவறையில் ஒரு பீப்பாய் படுத்திருக்கிறது. அதிலிருந்து மேலேறி வருவதுதான் ரியல் ஏல். ஆலையில் நொதித்து முடித்த பீரை வழக்கமாக வடிகட்டுவார்கள், சூடுபடுத்தி ஈஸ்ட்டைக் கொல்வார்கள், பிறகு கரியமில வாயுவை ஏற்றி அடைப்பார்கள். ரியல் ஏலுக்கு இதில் எதுவும் கிடையாது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். பீப்பாய்க்குள் அது இன்னொரு முறை மெல்ல நொதிக்கிறது. அப்போது தானாக உண்டாகும் வாயுதான் அதன் குமிழி. கள் குடித்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மரத்திலிருந்து இறக்கிய பிறகும் பானைக்குள் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். காலையில் ஒரு ருசி, சாயங்காலம் ஒரு ருசி. ஏலும் அந்த ரகம்தான், கொஞ்சம் நிதானமானது.

இதிலிருந்து இந்த அத்தியாயத்தின் ஒரே விதி பிறக்கிறது. ஆலை பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதி வேலை பப்காரர் கையில். ஆகவே பீரின் பெயரைத் தேடி அலையாதீர்கள், நல்ல நிலவறை உள்ள பப்பைத் தேடுங்கள். அந்தப் பப்பும் ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டால் பாக்கியம்.

ஒரு காலத்தில் இந்த பீர் அழிந்தே போயிருக்கும். 1960-களில் பெரிய கம்பெனிகள் வடிகட்டி வாயு ஏற்றிய கெக் பீரை நாடு முழுக்கத் திணித்தன. வாட்னீஸ் ரெட் பேரல் அதில் பேர்போனது. அதன் பேரைச் சொன்னால் வயதான குடிகாரர்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். 1971-ல் அயர்லாந்தின் கெரி பகுதிக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் அங்கே ஒரு பாரில் உட்கார்ந்து புலம்பியதில் பிறந்த இயக்கம்தான் காம்ரா. 1974 முதல் அவர்கள் வெளியிடும் ‘குட் பீர் கைடு’ உங்கள் பையில் இருக்கட்டும். ஏறத்தாழ 4,500 பப்களை அந்தந்த ஊர் உறுப்பினர்களே குடித்துப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். இணையத்தில் நட்சத்திரம் எண்ணுவதைவிட இது நம்பகமானது.

நிலவறையில் நடப்பது

பப்புக்கு வரும் பீப்பாய் பெரும்பாலும் ஃபர்கின். 9 காலன், அதாவது 72 பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லி. லாரியில் குலுங்கி வந்த பீப்பாயைக் கட்டைகள் மேல் படுக்க வைத்து, உருளாதபடி ஆப்பு வைத்து இறுக்குவார்கள். அறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை. பீப்பாயின் முதுகில் உள்ள அடைப்பின் நடுவே ஒரு சின்ன மூங்கில் முளையைச் சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். உஸ்ஸென்று வாயு சீறும். மூங்கிலின் நுண்துளைகள் வழியாக நுரை கொப்பளிக்கும். பப்காரர் அதைத் துணியால் வழித்துவிட்டு, மறுபடி நுரை எட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிப்பார். துடைத்ததும் வந்துவிட்டால் உள்ளே நொதிப்பு இன்னும் மும்முரமாக இருக்கிறது என்று அர்த்தம். நாலைந்து விநாடி பிடித்தால் அடங்கி வருகிறது. அடங்கியதும் மூங்கிலைப் பிடுங்கிவிட்டுக் காற்றுப் புகாத கெட்டி மரமுளையை அடிப்பார். மிச்ச வாயு உள்ளேயே தங்க வேண்டும். அதற்குப் பிறகு பீப்பாயைத் தொடவே கூடாது. ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அவசரப்பட்டுக் குழாயைத் திறப்பவர் கலங்கல் பீரைத்தான் விற்பார்.

திறந்த பிறகு கதை தலைகீழ். ஒவ்வொரு பைன்ட் இறங்கும்போதும் அந்த இடத்தில் காற்று புகுகிறது. மூன்று நாளுக்குள் 72 பைன்டையும் விற்றாக வேண்டும். அதற்கு மேல் போனால் ருசி தட்டையாகி, வாயு போய், கடைசியில் காடி வாடை அடிக்கும்.

பப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. காலியாகக் கிடக்கும் பப்பில் எட்டுக் கைப்பம்புகள் வரிசையாக நின்றால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். அதில் ஆறு பீப்பாய் பழசாகத்தான் இருக்கும். மூன்று பம்பு, கவுன்டரில் கூட்டம், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் லாகர் அல்லாத பீர், இப்படி இருந்தால் உள்ளே போங்கள். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்காதீர்கள். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிக் கிடந்த பீர்தான் முதல் இழுவையில் வரும். நல்ல பப்பில் அதைக் கொட்டிவிடுவார்கள். எல்லாப் பப்பும் நல்ல பப் இல்லை. பம்பின் மேலுள்ள பெயர் அட்டை திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை. அட்டையைத் திருப்பி வைக்கும் பப்காரர் பொறுப்பானவர். அங்கே மற்றதை நம்பிக் குடிக்கலாம்.

கவுன்டரில்

மேஜையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். எழுந்து போய்க் கவுன்டரில் கேட்க வேண்டும், அப்போதே காசு கொடுக்க வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பிறகு யார் என்று எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டால் அவரைக் கைகாட்டுங்கள். அந்த ஒரு செய்கைக்கே பப்பில் மரியாதை கூடும். யார்க்‌ஷயரில் கவுன்டர் அம்மா உங்களை ‘லவ்’ என்று கூப்பிடுவார். அடுத்து நிற்கும் எண்பது வயதுத் தாத்தாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

எந்த பீர் என்று தெரியவில்லையா? ருசி பார்க்க ஒரு மடக்கு கேளுங்கள், சின்ன கிளாஸில் சும்மா தருவார்கள். அரை பைன்ட் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பல ரகங்களைப் பார்க்க வந்தவருக்கு அதுதான் சரி. நாலு பேராகப் போனால் ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்குவது வழக்கம். தன் ரவுண்டு வரும்போது கழிவறைக்குப் போகிறவனை ஊரே ஞாபகம் வைத்திருக்கும். கிளாஸ் விளிம்பிலிருந்து நுரை ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் நிரப்பித் தரச் சொல்லலாம், கோபிக்க மாட்டார்கள். வடக்கே பம்பின் மூக்கில் சல்லடைபோல ஒரு மூடி மாட்டி, பாலேடு மாதிரி கெட்டி நுரை வர வைப்பார்கள். தெற்கே அதைக் கண்டாலே ஆகாது. இந்தச் சண்டையில் தலையிடாதீர்கள்.

லண்டனில் ஒரு பைன்ட்டுக்கு 5, 6 பவுண்டு தயாராக வைத்திருங்கள். வடக்கே போகப் போகக் குறையும். பெரும்பாலான பப்களில் லாகரைவிட ஏல் மலிவு. தொட்டுக்கொள்ள நம் ஊர் பார் மாதிரி சில்லி சிக்கன், முட்டைப் பொடிமாஸ் எதிர்பார்க்காதீர்கள். சிப்ஸ், வேர்க்கடலை, பன்றித்தோல் வறுவல், அவ்வளவுதான். கடைசியாகச் சொன்னது ‘ஸ்கிராச்சிங்ஸ்’ என்ற பெயரில் வரும். பன்றி சாப்பிடாதவர்கள் பாக்கெட்டைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.

சைவர்களுக்கு அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பீப்பாயில் ஈஸ்ட் சீக்கிரம் படிய, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். பெரும்பாலான பாரம்பரிய ஏல்களில் இன்றும் அது உண்டு. பசை அடியில் தங்கிவிடும், ருசியில் தெரியாது. ஆனாலும் மீன் மீன்தான். இந்தப் பசை சேர்க்காத பீர்களும் இப்போது நிறைய வருகின்றன. அவை கொஞ்சம் மங்கலாக இருக்கும், பெயர் அட்டையிலேயே போட்டிருப்பார்கள். கவுன்டரில் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் மடக்கு

நம் ஊர் பீரை நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான். இது ஜில்லென்று இருக்காது, நாக்கைக் குத்தாது. 12 டிகிரி குளிர்ச்சியில், மெல்லிய குமிழியோடு, மால்ட்டின் பிஸ்கட் வாசமும் ஹாப்ஸின் கசப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐஸ் கேட்கக் கூடாது. முதல் கிளாஸை மெதுவாகக் குடியுங்கள். சுத்தமான கிளாஸில் நல்ல ஏலைக் குடித்தால் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். குடித்து முடித்தபின் எத்தனை மடக்கில் முடித்தீர்கள் என்று எண்ணலாம்.

லாகரிலிருந்து வருகிறவர்கள் பொன்னிற ஏலில் தொடங்குவது நல்லது. ஹாப் பேக் ஆலையின் சம்மர் லைட்னிங் (5%) அந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டல் ஆலை 1999-ன் முழுச் சூரிய கிரகணத்துக்காகக் காய்ச்சிய பீர் இன்று டிரிப்யூட் (4.2%) என்ற பெயரில் நாடு முழுக்க ஓடுகிறது, ரயில் நிலையப் பப்பில்கூட மோசம் போகாது. அங்கிருந்து பிட்டருக்கு நகருங்கள், அதுதான் இந்த நாட்டின் அன்றாட பீர். கறுத்துப் போன மைல்ட், போர்ட்டர், ஸ்டவுட் எல்லாம் குளிர்காலத்துக்கு.

எந்த ஊரில் எது

யார்க்‌ஷயரின் கீத்லி ஊரில் டிமதி டெய்லர் ஆலை 1858 முதல் காய்ச்சுகிறது. தண்ணீர் அவர்களுடைய சொந்த ஊற்று. இவர்களுடைய லேண்ட்லார்ட் (4.3%) காம்ராவின் தேசியப் போட்டியில் நான்கு முறை முதலிடம் வாங்கியது. என் கணக்கில் இந்த நாட்டின் முழுமையான பீர் இதுதான். மலர் மணம், தேன் சாயல், கடைசியில் வாயைத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு கசப்பு. ஆனால் இது பப்காரரைச் சோதிக்கும் பீர். நிலவறையில் மற்ற பீரைவிடக் கூடுதல் நாள் கிடக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத தெற்கத்திப் பப்களில் கிடைக்கும் லேண்ட்லார்ட் பச்சையாக இருக்கும். பேரைக் கேட்டு அங்கே குடித்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கீத்லியிலிருந்து நீராவி ரயிலில் ஹாவொர்த் போகலாம், பிரான்டி சகோதரிகள் வாழ்ந்த ஊர். அங்கே ஃப்ளீஸ் என்ற பப் ஆலையின் சொந்தப் பப். அதில் குடித்துப் பாருங்கள்.

அதே யார்க்‌ஷயரில் மாஷம் என்ற சிற்றூரில் ஒரு குடும்பச் சண்டையைக் குடிக்கலாம். தீக்ஸ்டன் குடும்பம் 1827 முதல் அங்கே காய்ச்சியது. 1980-களில் ஆலை பெரிய கம்பெனி கைக்குப் போனது. அந்தக் குடும்பத்து பால் தீக்ஸ்டன் விலகி, 1992-ல் அதே ஊரில் பிளாக் ஷீப் ஆலையைத் தொடங்கினார். பெயரிலேயே குத்தல். 2003-ல் உறவினர்கள் பழைய ஆலையை மீட்டார்கள். பிளாக் ஷீப்போ 2023-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் போய்விட்டது. தீக்ஸ்டனின் ஓல்ட் பெகூலியர் (5.6%) கருஞ்சிவப்பு, உலர்ந்த திராட்சை வாசம். குளிர்கால ராத்திரிக்கு ஒன்று போதும், இரண்டாவது கேட்காதீர்கள்.

டாட்காஸ்டர் ஊரின் சாமுவேல் ஸ்மித் ஆலை 1758 முதல் இருக்கிறது. கற்பலகைத் தொட்டிகளில் நொதிக்க வைத்து, ஓக் மரப் பீப்பாயில் அனுப்புகிற பிடிவாதக்காரர்கள். இவர்களுடைய பப்களில் பாட்டு கிடையாது, செல்போனுக்கும் தடை. எடுத்துப் பேசினால் வெளியே போகச் சொல்வார்கள், எழுந்து போய்விடுங்கள்.

பர்ட்டன் என்ற ஊரின் பெயரைச் சொல்லாமல் எந்த பீர்ப் பட்டியலும் முடியாது. அங்கே நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம்; வெளிர்நிறப் பீரின் கசப்பை அது கூராக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னை, கொல்கத்தா வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலேறிய பீரில் முதலில் லண்டன் போ பகுதியின் ஹாட்ஜ்சன் ஆலையின் கை ஓங்கியிருந்தது. 1820-களில் பர்ட்டன்காரர்கள் அந்தச் சந்தையைப் பிடித்தார்கள். இந்தியா பேல் ஏல் வளர்ந்த வழி அது. ஓக் பீப்பாய்களைக் குழாய்களால் வரிசையாக இணைத்து நொதிக்க வைக்கும் ‘யூனியன்’ முறையைக் கடைசிவரை வைத்திருந்தது மார்ஸ்டன்ஸ் ஆலை. 2024-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளையாக ஒரு வரிசைப் பீப்பாய்களை டெர்பிஷயரின் பேக்வெல்லில் உள்ள தார்ன்பிரிட்ஜ் ஆலை வாங்கிக்கொண்டது. தார்ன்பிரிட்ஜின் ஜெய்ப்பூர் (5.9%) 2005-ல் வந்த பீர், ஆரஞ்சுத்தோல் கசப்பு, தேனாக இறங்கும். இறங்குகிற சுகத்தில் அளவு தப்பும், ஜாக்கிரதை.

பர்மிங்ஹாமுக்கு மேற்கே பிளாக் கன்ட்ரி. சுற்றுலாப் பயணிகள் யாரும் போகாத தொழிற்சாலைப் பூமி, பீருக்கு மட்டும் புண்ணியத் தலம். பிரையர்லி ஹில்லின் வைன் பப்புக்குப் பின்னாலேயே பாத்தம்ஸ் ஆலை. அதன் பெஸ்ட் பிட்டர் (4.3%) மெல்லிய இனிப்போடு வரும். செட்ஜ்லியின் பீக்கன் ஹோட்டலில் சாரா ஹியூஸ் டார்க் ரூபி மைல்ட், மைல்ட் என்ற பெயரில் 6%. நடுவில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு அறை, சின்ன ஜன்னல் வழியாகக் குனிந்து வாங்க வேண்டும். பக்கத்து ஸ்மெத்திக், வெஸ்ட் பிராம்விச் பகுதிகளில் பஞ்சாபிகள் நடத்தும் ‘தேசி பப்’கள் உண்டு. 1960-களில் இந்தியத் தொழிலாளர்களை உள்ளே விடாமல் நிறவெறி காட்டிய பப்கள் இருந்த வட்டாரம் இது. அதை எதிர்த்து இந்தியத் தொழிலாளர் சங்கம் போராடியது. இன்று அதே வட்டாரத்தில் தந்தூரித் தட்டோடு பைன்ட் குடிக்கலாம். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்று மேலே புலம்பியவர்களுக்கு இங்கேதான் விமோசனம்.

கிழக்குக் கடற்கரையில் சவுத்வோல்டு, கலங்கரை விளக்கத்துக்கு அருகிலேயே அட்னம்ஸ் ஆலை. இவர்களுடைய சவுத்வோல்டு பிட்டர் 3.7% தான், இவ்வளவு குறைந்த வலுவில் இவ்வளவு ருசியா என்று தோன்றும். 1672-ல் அந்தக் கடலில் டச்சுக்காரர்களோடு நடந்த போரின் நினைவாக வந்தது பிராட்சைடு.

லண்டனில் என்றால் சிஸ்விக்கின் ஃபுல்லர்ஸ். லண்டன் பிரைடு (4.1%) எங்கும் கிடைக்கும், எங்கும் நன்றாக இருக்காது. ஹாமர்ஸ்மித்தில் தேம்ஸ் கரையிலுள்ள டவ் பப்பில் குடியுங்கள். ஈ.எஸ்.பி. (5.5%) கனமான பீர், ஆரஞ்சு ஜாம் வாசம். 2019-ல் ஆலையை ஜப்பானின் அசாஹி வாங்கியபோது பீர் கெட்டுவிடும் என்று ஊரே ஒப்பாரி வைத்தது. என் நாக்குக்கு அப்படித் தெரியவில்லை.

திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள்

காடி வாடை, ஈரத்துணி வாடை, சாராய வெப்பம், நுரையே இல்லாத சவசவப்பு. இதில் எது இருந்தாலும் இரண்டு மடக்குக்கு மேல் குடிக்காமல் கவுன்டருக்குக் கொண்டுபோய், ‘இது சரியாக இல்லை என்று நினைக்கிறேன்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். மோந்து பார்த்துவிட்டு வேறு கிளாஸ் தருவார்கள். முக்கால் கிளாஸ் காலி செய்துவிட்டுப் புகார் சொன்னால் எடுபடாது. பர்ட்டன் பீரில் லேசாகக் கந்தக வாடை வந்தால் அது குறை அல்ல, அந்தத் தண்ணீரின் இயல்பு. பிடிக்காத பீரும் கெட்ட பீரும் வேறு. பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரக் கூடாது.

மே மாதம் அங்கே இருப்பவர்கள் கேம்பிரிட்ஜ் பீர் விழாவைத் தவறவிடாதீர்கள். ஜீசஸ் கிரீன் மைதானத்தில் கூடாரம் போட்டு, நூற்றுக்கணக்கான பீப்பாய்களை வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். மூன்றில் ஒரு பைன்ட் அளவு கேளுங்கள்.

கணக்கும் வேண்டும். 4% பீர் ஒரு பைன்ட் என்பது 2.3 யூனிட் ஆல்கஹால். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது அந்நாட்டு மருத்துவ ஆலோசனை. ஆறு பைன்ட் என்றால் அந்த வாரத்துக் கணக்கு முடிந்தது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; இளமையாகத் தெரிந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். கார் சாவியை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். நல்ல பப்கள் பெரும்பாலும் பஸ், ரயில் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

லண்டனில் இரண்டு நாள்தான் இருக்கிறீர்கள், யார்க்‌ஷயர் போக நேரமில்லை என்றால் என் சிபாரிசு லூயிஸ். விக்டோரியா நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். 1790 முதல் ஆற்றங்கரையில் நிற்கும் ஹார்வீஸ் ஆலையின் சசெக்ஸ் பெஸ்ட் (4%) அங்கே ஊரின் ரத்தம். 2006 டிசம்பரில் லூயிஸ் ஆர்ம்ஸ் பப்பின் உரிமையாளரான கிரீன் கிங் கம்பெனி இந்த பீரை நிறுத்திவிட்டுத் தன் பீரை மட்டும் விற்றது. வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று மறியல் செய்தார்கள், பப் வெறிச்சோடியது. 2007 ஏப்ரலில் கம்பெனி இறங்கி வந்து ஹார்வீஸைத் திரும்ப வைத்தது. மதியம் கிளம்பிப் போங்கள், ஆலை வாசலைப் பாருங்கள், எதிரிலுள்ள ஜான் ஹார்வி டாவர்னில் ஒரு பைன்ட், மேட்டிலுள்ள லூயிஸ் ஆர்ம்ஸில் ஒரு பைன்ட். திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.